ஆளை நிறுத்தினால் கூலி ஏறுமா? கலிஃபோர்னியா தக்காளி சொல்லும் கதை

இன்னைக்குப் பேசப்போறது ஒரு சட்டத்தைப் பற்றி. ஆனால் கதையில் தக்காளிதான் அதிகம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

"வெளியாளுங்க வராம இருந்தா நம்ம ஆளுக்குக் கூலி ஏறும்." இந்தப் பேச்சை டீக்கடையிலும் கேட்டிருக்கேன், டிவி விவாதத்திலும் கேட்டிருக்கேன். எந்த நாட்டில் தேர்தல் வந்தாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுவார். சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. பத்து பேர் செய்யும் வேலைக்கு இருபது பேர் வந்து நின்றால் கூலி இறங்கும், பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினால் ஏறும். சந்தையில் வெங்காயத்துக்கு நடப்பதுதானே ஆளுக்கும்?

இதை ஒரு நாடு நிஜமாகவே செய்து பார்த்தது. 1964 டிசம்பர் 31. அன்றோடு அமெரிக்கா, தன் வயல்களுக்கு மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தியது. காரணமும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லப்பட்டது: உள்ளூர் விவசாயக் கூலிகளின் சம்பளம் உயர வேண்டும். உயர்ந்ததா என்பதுதான் இந்த எபிசோட்.

முதலில் அந்த ஏற்பாடு என்ன என்று பார்த்துவிடுவோம்.

1942. அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கிவிட்டது. இளைஞர்கள் ராணுவத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள், வயலில் ஆள் இல்லை. ஆகஸ்டில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஒப்பந்தம் போட்டன. செப்டம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்துக்கு முதல் கூட்டம் ரயிலில் வந்து இறங்கியது, சர்க்கரை பீட் அறுவடைக்காக. இவர்களுக்கு 'பிரசேரோ' என்று பேர். ஸ்பானிய மொழியில் 'பிராசோ' என்றால் கை. நம்ம ஊர்ல 'கையாள்'னு சொல்றோம் இல்லையா, அதே மாதிரியான சொல்தான். ஆனா இங்கே கைதான் வேணும், ஆள் வேண்டாம். மனைவி, பிள்ளைகளைக் கூட்டி வர முடியாது. சில வாரமோ சில மாதமோ ஒப்பந்தம், அது முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.

போருக்காக வந்த ஏற்பாடு போரோடு முடியவில்லை. 1951இல் அதற்குத் தனிச்சட்டமே போட்டார்கள். 22 வருடத்தில் மொத்தம் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். ஒரே ஆள் பல தடவை வந்திருப்பார் என்பதால் இதை ஆள் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. உச்சம் 1956: அந்த ஒரு வருடத்தில் மட்டும் 4,45,000 பேர்.

ஆள் எடுத்த விதத்துக்குப் படங்களே சாட்சி. லியனார்ட் நாடெல் என்ற புகைப்படக்காரர் 1956இல் எடுத்தவை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு படத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றி வரிசையாக நிற்கிறார்கள். முகமூடி போட்ட ஒருவர் அவர்கள் முகத்தில் டிடிடி பவுடரை அடிக்கிறார். நம்ம வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு அடிச்ச அதே டிடிடிதான். ஆள் எடுக்கும் இடங்களில் உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பார்கள். காய்ப்பு இருந்தால் விவசாயி, தேர்வு. கை மெத்தென்று இருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காகிதத்தில் பார்த்தால் ஒப்பந்தம் மோசமில்லை. தங்க இடம், போக்குவரத்து, ஒப்பந்த நாட்களில் முக்கால்வாசிக்காவது வேலை உத்தரவாதம், அந்த வட்டாரத்தில் வழக்கமாக உள்ள கூலி. ஒன்று கவனிங்க: இந்த உத்தரவாதங்கள் எதுவும் அமெரிக்க விவசாயக் கூலிக்குக் கிடையாது! தொழிற்சங்க உரிமை தந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தபட்சக் கூலி தந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டிலுமே வயல் தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

'வட்டாரத்தில் வழக்கமான கூலி' எது என்று யார் தீர்மானிப்பது? நடைமுறையில் பண்ணை முதலாளிகளின் சங்கங்கள்தான். பருவம் தொடங்கும் முன்பே கூடிப் பேசி ஒரு தொகையைச் சொல்வார்கள். அந்தத் தொகைக்கு உள்ளூர் ஆள் வர மாட்டார். உடனே "ஆள் பற்றாக்குறை" என்று அரசாங்கத்துக்கு எழுதுவார்கள். மெக்சிகோவிலிருந்து ஆள் வரும். இந்தச் சக்கரத்தை விலாவாரியாக அம்பலப்படுத்தியவர் எர்னஸ்டோ கலார்சா. மெக்சிகோவில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு வந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பிறகு வயல் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்யப் போய்விட்டார். பிரசேரோ முகாம்கள் பற்றி 1956இல் அவர் எழுதிய அறிக்கை பண்ணை முதலாளிகளைக் கொதிக்க வைத்தது.

கலார்சாவுக்கு அனுபவம் இருந்தது. 1947இல் ஆர்வின் பக்கம் டிஜார்ஜியோ என்ற பெரிய பண்ணையில் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். ஆரம்பத்தில் அங்கிருந்த பிரசேரோக்களும் வேலையை நிறுத்தினார்கள். அதிகாரிகள் வந்து பேசியதும் அவர்கள் வயலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, ஊருக்கு டிக்கெட். வேற முதலாளியிடம் போகவும் முடியாது, ஏனென்றால் விசா அந்த முதலாளியின் பெயரில். வளைகுடாவுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

உள்ளூர் ஆளுக்குப் பாதிப்பு இல்லை என்று சொன்னால் அது பொய். 1958இல் ஆக்ஸ்நார்ட் என்ற ஊரில் செசார் சாவேஸ் அதை நேரில் பார்த்தார். வேலை கேட்டுப் போகும் உள்ளூர்க்காரரைச் சீட்டு வாங்கி வரச் சொல்லி அரசு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அவர் சீட்டோடு திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் பிரசேரோ நிற்பார். மறுநாளும் இதே கதை. அதனால் ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வெளியாட்களை வெறுத்தவர்கள் இல்லை. தொழிற்சங்கங்கள், தேவாலய அமைப்புகள், மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள், அப்புறம் ஜனாதிபதி கென்னடியின் அரசு.

அழுத்தம் கூடிக்கொண்டே போனது. 1960 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் பண்டிகை வாரத்தில், சிபிஎஸ் தொலைக்காட்சியில் எட்வர்ட் முர்ரோ வயல் கூலிகளின் நிலைமையை ஒரு ஆவணப்படமாகக் காட்டினார். நாடே விருந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நேரம். 1963 செப்டம்பரில் சாலினாஸ் பள்ளத்தாக்கில் சுவாலர் என்ற இடத்தில், பிரசேரோக்களை ஏற்றி வந்த ஒரு லாரி ரயில் பாதையைக் கடக்கும்போது ரயில் மோதியது. அது பஸ்ஸே இல்லை, சரக்கு லாரியில் பெஞ்சு போட்டு பஸ்ஸாக்கியது. 32 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு காங்கிரஸ் ஒரே ஒரு வருடம்தான் நீட்டிப்பு கொடுத்தது.

1964இல் சுமார் 1,78,000 பிரசேரோக்கள் வந்திருந்தார்கள். 1965இல் ஒரு சின்னத் தொகையைத் தவிர யாரும் இல்லை.

இப்போ உள்ளூர் ஆள் கணக்குக்கு வருவோம். தொழிலாளர் துறைச் செயலாளர் வில்லர்ட் வர்ட்ஸ் ஒரு யோசனை வைத்திருந்தார். அறுவடையும் கோடை விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. உயர்நிலைப் பள்ளி விளையாட்டு வீரர்கள் சும்மாதானே இருக்கிறார்கள், அவர்களை வயலில் இறக்கலாம்! 'ஏ-டீம்' என்று பெயர் வைத்தார்கள். 20,000 பேர் இலக்கு. கடைசியில் வயலுக்குப் போனவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். பாலைவனத்தை ஒட்டிய பிளைத் பகுதியில் முலாம்பழம் பறிக்கப் போன பையன்களுக்கு 40 டிகிரிக்கு மேல் வெயில், சொரசொரப்பான கொடி கையைக் கிழித்தது. பல முகாம்களில் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். மறு வருடம் அந்தத் திட்டம் இல்லை. எனக்கு இதில் சிரிப்பு வந்தாலும், பையன்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர்களிடம் வீட்டுக்குப் போகும் வசதி இருந்தது, அவ்வளவுதான்.

சரி, தக்காளி.

கெச்சப், சாஸ் செய்யும் தக்காளியைப் பறிப்பது கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் பிரசேரோக்களின் வேலையாக இருந்தது. "அவர்கள் போனால் தக்காளித் தொழிலே மெக்சிகோவுக்குப் போய்விடும்" என்று பண்ணைக்காரர்கள் அலறினார்கள். ஆனால் டேவிஸ் நகரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் ரெண்டு பேர் வருஷக்கணக்காக ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜாக் ஹானா, செடி ரகங்களை உருவாக்குபவர். இன்னொருவர் கோபி லோரென்சன், பொறியாளர். மெஷினில் அறுக்க வேண்டுமென்றால் மெஷின் மட்டும் போதாது, தக்காளியையே மாற்ற வேண்டும் என்பது ஹானாவின் எண்ணம். ஒரே சமயத்தில் பழுக்க வேண்டும், தோல் கெட்டியாக இருக்க வேண்டும், செடியை உலுக்கினால் காம்பை விட்டு வர வேண்டும், கீழே விழுந்தாலும் நசுங்கக்கூடாது. நம்ம நாட்டுத் தக்காளியை நினைச்சுப் பாருங்க, லாரியில் கூடை மேல் கூடை வைத்தாலே சாறு வழியும். ஹானா கேட்டது அதற்கு நேர் எதிர். லோரென்சனின் மெஷின் செடியைத் தரையோடு வெட்டி, மேலே தூக்கி, உலுக்கும். மெஷின் மேலேயே சில பெண்கள் நின்றுகொண்டு நல்லது கெட்டதைப் பிரிப்பார்கள்.

1960களின் தொடக்கத்திலேயே மெஷின் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் வாங்க ஆள் இல்லை. ஏன் வாங்கணும்? மலிவாக ஆள் கிடைக்கிறதே. 1964இல்கூட கலிஃபோர்னியாவின் ஆலைத் தக்காளியில் மெஷின் அறுத்தது நூற்றுக்கு 4 பங்குதான். சட்டம் முடிந்த மறு வருடம், 1965இல், கால்வாசி. 1966இல் மூன்றில் இரண்டு பங்கு. 1968இல் நூற்றுக்கு 95. நாலே வருடம்!

இந்த இடத்தில்தான் வெங்காயக் கணக்கு உடைகிறது. அந்தக் கணக்கில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆள் குறைந்தது, சரி, கூலியை ஏத்திக் கொடுக்கிறேன் என்கிறார். நிஜத்தில் அவருக்கு நாலைந்து வழி இருக்கிறது, கூலியை ஏத்துவது அதில் கடைசி வழி. மெஷின் இருந்தால் மெஷின் வாங்குவார். மெஷின் இல்லாத பயிர், உதாரணமாக அஸ்பாரகஸ், ஸ்ட்ராபெரி என்றால் பரப்பைக் குறைப்பார். வேறு பயிருக்கு மாறுவார். இதெல்லாம் முடியாவிட்டால் காகிதம் இல்லாத ஆளைத் தேடுவார்.

மைக்கேல் கிளெமென்ஸ், ஈத்தன் லூயிஸ், ஹானா போஸ்டல் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் தேடினார்கள். 2018இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் அந்த ஆய்வு வந்தது. பழைய அரசுப் பதிவேடுகளை எடுத்து, பிரசேரோக்கள் நிறைய இருந்த மாநிலங்களையும் அவர்களே இல்லாத மாநிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சட்டம் வேலை செய்திருந்தால் முதல் வகை மாநிலங்களில் கூலி தனியாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ரெண்டு இடத்திலும் கூலி ஒரே மாதிரிதான் நகர்ந்தது. உள்ளூர் ஆட்களுக்கு வேலை கூடியதற்கும் தடயம் கிடைக்கவில்லை.

மெஷினால் தக்காளி உற்பத்தி கூடியது உண்மை. ஆனால் ஒரு மெஷின் விலை அன்றைக்கே பல்லாயிரம் டாலர், சின்ன விவசாயிக்குக் கட்டாது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேர் தக்காளி பயிரிட்ட கலிஃபோர்னியாவில் 1973இல் 600 பேர்தான் மிஞ்சினார்கள். வயல் வேலைகளும் ஆயிரக்கணக்கில் போயின. யாரைக் காப்பாற்றச் சட்டம் வந்ததோ, அந்த உள்ளூர்த் தொழிலாளியின் வேலையும் அதோடு போயிற்று. 1979இல் வயல் தொழிலாளர் தரப்பு வக்கீல்கள், மக்களின் வரிப்பணத்தில் பெரிய பண்ணைகளுக்கு மட்டும் மெஷின் செய்து கொடுத்தது நியாயமா என்று பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கே போட்டார்கள்.

காகிதம் இல்லாத ஆள் விஷயத்துக்கு வருவோம், ஏன்னா அது இன்றைக்கும் முடியாத கதை. பழைய வரலாறு கொஞ்சம் வேண்டும். 1940களின் கடைசியில், எல்லை தாண்டி வந்து பிடிபட்ட கூலிகளை அதிகாரிகள் எல்லைக்கோட்டுக்குக் கூட்டிப்போய், மெக்சிகோ மண்ணில் ஒரு கால் வைக்கச் சொல்லி, உடனே பிரசேரோவாகத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டதுண்டு. ஆற்றில் நனைந்து வந்தவரை 'உலர்த்துவது' என்று இதற்கு அரசுக் காகிதங்களிலேயே பெயர். 1952ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சுவாரசியம். காகிதம் இல்லாதவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்றது. அவரை வேலைக்கு வைப்பது அடைக்கலம் ஆகாது என்றும் அதே சட்டம் சொன்னது! டெக்சாஸ் பண்ணைக்காரர்களுக்காகப் போட்ட ஓட்டை அது. 1986 வரை அதை அடைக்கவில்லை.

ஆக, 1965இல் சட்டப்படி வரும் வாசல் மூடியது. வேலையும் இருந்தது, வழி தெரிந்த ஆளும் இருந்தார், வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனையும் இல்லை. நீங்களே சொல்லுங்க, என்ன நடக்கும்? 1960களின் தொடக்கத்தில் பல பத்தாயிரங்களில் இருந்த எல்லைக் கைதுகள் 1970களின் பிற்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சத்தைத் தொட்டன. அதே வயல், பல சமயம் அதே ஆள். பழைய ஒப்பந்தம் பேருக்காவது கொடுத்த தங்குமிடமும் வேலை உத்தரவாதமும்தான் இல்லை.

அப்போ யாருக்குமே கூலி ஏறவில்லையா? ஏறியது. அது எப்படி என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம்.

1965 மே மாதம், கோச்செல்லா பள்ளத்தாக்கில் திராட்சை அறுவடை. மெக்சிகோவிலிருந்து யாரையாவது எடுப்பதானால் மணிக்கு 1.40 டாலர் தர வேண்டும் என்று தொழிலாளர் துறை விதித்திருந்தது. பல வருடங்களாக அங்கேயே வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர்களுக்கோ 1.25தான் தருவேன் என்றார்கள் முதலாளிகள். அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாளில் 1.40 கிடைத்தது. அறுவடை வடக்கே நகர்ந்து டெலானோ வந்ததும் மறுபடி பழைய தொகை. செப்டம்பர் 8ஆம் தேதி லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறுத்தினார்கள். எட்டு நாள் கழித்து ஒரு தேவாலயத்தில் கூட்டம் போட்டு, சாவேஸின் சங்கமும் சேர்ந்துகொண்டது. 'யாரும் கலிஃபோர்னியா திராட்சை வாங்காதீர்கள்' என்ற புறக்கணிப்பு நாடு முழுக்கப் பரவியது. ஐந்து வருடம் பிடித்தது. 1970 ஜூலையில் டெலானோ முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள்: மணிக்கு 1.80 டாலர், பெட்டிக்குத் தனிப்பணம்.

பிரசேரோ இருந்த காலத்தில் இந்தப் போராட்டம் ஜெயித்திருக்குமா? கஷ்டம். டிஜார்ஜியோவில் நடந்தது இங்கேயும் நடந்திருக்கும். அதனால் 1964ஆம் ஆண்டு முடிவு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் குறைந்தது தானாகக் கூலியை ஏற்றவில்லை, அது போராட்டத்துக்கு ஒரு இடைவெளியைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். என் பார்வையில் சட்டம் பிடித்த கேள்வியே தப்பு. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணியது. வந்தவர், "இந்தக் கூலிக்கு முடியாது, நான் அடுத்த பண்ணைக்குப் போறேன்" என்று சொல்ல முடியுமா என்று பார்க்கவே இல்லை. அது முடிந்திருந்தால் உள்ளூர் ஆளின் கூலியை இறக்க அவரைப் பயன்படுத்தியிருக்க முடியாது.

இதில் சாவேஸும் தடுமாறினார் என்பதையும் சொல்லணும். 1974இல் அவருடைய சங்கம், வேலைநிறுத்தத்தை உடைக்க வரும் காகிதமில்லாத தொழிலாளர்களைக் குடியேற்றத் துறைக்குக் காட்டிக்கொடுத்தது. அரிசோனா எல்லையில் சங்க ஆட்களே காவல் நின்றார்கள். மெக்சிகோ வம்சாவளியினர் பலருக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

ஒரு பழைய கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். 1940களில் பிரசேரோக்களின் கூலியில் நூற்றுக்கு 10 பிடித்து மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பினால்தான் அந்தப் பணம், அதற்காகவாவது திரும்புவார்கள் என்று யோசனை. திரும்பினார்கள். பணம் பலருக்குக் கிடைக்கவேயில்லை. அரை நூற்றாண்டு கழித்து, தள்ளாத வயதில் அவர்கள் ஊர்வலம் போய், நீதிமன்றம் ஏறிய பிறகு, 2005இல் மெக்சிகோ அரசு ஒரு நிதி ஒதுக்கியது. ஆளுக்கு 38,000 பெசோ. வாங்க வேண்டுமென்றால் அந்தக் காலத்து ஒப்பந்தத் தாளைக் கொண்டு வர வேண்டும் என்றார்கள். 60 வருஷம் முந்தைய தாள். சிலர் அதைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார்கள்.